கோழிக்குக் கண் வீங்கினால்: சொட்டு மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் எல்லாக் கோழியும் சிதறி ஓடும், ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். நாலு கோழி வளர்த்தாலும் போதும், இந்தக் காட்சி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அந்த நேரத்தில் கை எங்கே போகும்? பிரிட்ஜ் கதவுக்கு. போன வருஷம் வீட்டில் யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கி, பாதி தீர்ந்து, பாதி மிச்சமிருக்கும் அந்தச் சின்ன பாட்டிலுக்கு.

நானும் அதைத்தான் செய்தேன். செவலை என்று எங்கள் வீட்டில் ஒரு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டை. இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மூன்று நாள் சொட்டு விட்டேன், முதல் நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். நாலாம் நாள் கருவிழியில் மாவு தடவியது போல வெள்ளை படர்ந்துவிட்டது. கால்நடை மருத்துவர் ஒரு சாயத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டுவிட்டு நீல டார்ச்சை அடித்தார். கருவிழிக்கு நடுவில் கடுகளவு ஒரு புண் பச்சையாக ஒளிர்ந்தது. "கீறல்தான், தானே ஆறியிருக்கும், நீங்கள் விட்ட சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறது, அதுதான் ஆறவிடவில்லை" என்றார். வீட்டுக்கு வந்து பஞ்சாரத்துக்குள் கையை விட்டுத் தடவினால், உள்பக்கம் கோழியின் தலை உயரத்துக்கு ஒரு மூங்கில் சிலாம்பு முறிந்து நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் ஒரு செம்பழுப்பு இறகு. பல நாளாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அதனால் மருந்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் பிடிக்காமல் பாருங்கள்.

கையில் பிடித்துவிட்டால் எல்லாக் கோழியும் ஒரே மாதிரிதான் திமிறும், ஒன்றும் தெரியாது. தூரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் கவனியுங்கள். ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? இதுதான் முதல் கேள்வி. ஒரே கண் என்றால் பெரும்பாலும் அடி, கீறல், கொத்து, தூசி. இரண்டு கண்ணும் என்றால் நோய், கூண்டுக் காற்று, தீவனக் குறை இப்படி ஏதோ ஒன்று. (சளி நோய் சில சமயம் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.) மூச்சு விடும்போது கொர்ரென்று சத்தம் வருகிறதா, தும்முகிறதா, எச்சம் என்ன நிறம், காலால் கண்ணைச் சொறிகிறதா, இரையைப் பார்த்துக் கொத்துகிறதா அல்லது குறி தவறுகிறதா, மற்ற கோழிகளில் வேறு எதற்காவது இப்படி இருக்கிறதா, இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பிடிப்பதற்கு இரவுதான் சௌகரியம். அடைந்த கோழி சத்தமில்லாமல் கைக்கு வரும். பகலில் என்றால் பழைய துண்டைப் போட்டு மூடி, இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. கோழிக்கு நமக்கு இருப்பது போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பயத்தில் நாம் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது மூச்சு முட்டிச் செத்தும் போகும். மல்லாக்கப் படுக்க வைப்பதும் வேண்டாம், இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலில் போய்விடும். ஒருவர் பிடிக்க, ஒருவர் பார்க்க, ஒரு பிள்ளை டார்ச் அடிக்க என்று மூன்று பேர் இருந்தால் வேலை சுலபம்.

கண்ணைப் பிரித்துப் பார்க்கும்போது முன் மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு திரை இழுத்த மாதிரி குறுக்கே ஓடி மறையும். பயப்படாதீர்கள், அது கோழியின் மூன்றாவது இமை. ஏதோ பூ விழுந்துவிட்டது என்று நினைத்து அதை இடுக்கியால் இழுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

எது எப்படி இருந்தாலும் முதல் வேலை கழுவுவதுதான். மெடிக்கலில் 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில் கிடைக்கும், ஊசி இல்லாத ஐந்து மில்லி சிரிஞ்சு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம், கடை இல்லை என்றால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முக்கால் டீஸ்பூன் தூள் உப்பைத் தலை தட்டிப் போட்டுக் கரைத்து ஆற வையுங்கள். கல் உப்பு வேண்டாம், கரண்டியில் அளவு சரியாக நிற்காது. மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக ஓடவிடுங்கள், பீய்ச்சி அடிக்க வேண்டாம். நெல் சுணையோ மண்ணோ உமியோ இருந்தால் இதிலேயே வந்துவிடும். முள் குத்தி நிற்கிறது என்றால் அதைத் தொடாமல் அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பிடுங்கினால் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடலாம்.

கண்ணும் இமையும் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தால் பிய்த்துத் திறக்காதீர்கள். சலைனில் நனைத்த வெதுவெதுப்பான துணியை ஐந்து பத்து நிமிடம் ஒற்றி வைத்தால் தானாக இளகும். உள்ளே சில சமயம் சின்னப் பனீர்க் கட்டி மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகக் கெட்டியாக ஒன்று இருக்கும். அதுதான் சீழ். நமக்குச் சீழ் ஒழுகும், கோழிக்குக் கட்டியாகும். சீழை இளக்கித் தண்ணீராக்கும் நொதி கோழியின் வெள்ளை அணுக்களில் இல்லை. கட்டி இருக்கும்வரை அதன் மேல் எத்தனை சொட்டு விட்டாலும் மருந்து சதையில் போய்ச் சேராது, பத்து நாள் மருந்து போட்டும் கேட்கவில்லை என்பவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். நன்றாக ஊறவிட்டு, நனைத்த பட்ஸால் ஓரத்திலிருந்து உருட்டினால் முழுதாக வெளியே வரும். வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் மறுபடி ஊறவையுங்கள். குடைய வேண்டாம், பிளேடு வேண்டவே வேண்டாம். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் கோலிக்குண்டு மாதிரி புடைத்திருந்தால் அது கண்ணே அல்ல, அங்கே இருக்கும் காற்றறை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பது டாக்டர் வேலை.

சரி, கழுவியாயிற்று. இப்போது என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துப் பாதை பிரியும்.

இமையில் மட்டும் கிழிசல், கொத்துக்காயம், கண் தெளிவாக இருக்கிறது என்றால் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கருவிழியில் புள்ளியோ வெண்மையோ நீலம் கலந்த மூட்டமோ தெரிந்தால் கீறல் அல்லது புண். உள்ளே ரத்தம் தேங்கி இருந்தாலோ, கண் குழிந்து சப்பையாகி இருந்தாலோ அன்றைக்கே டாக்டர், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

கண்ணோரத்தில் சோப்பு நுரை போலக் குமிழி, கூடவே தும்மல், கொர்ரென்ற சத்தம் இருந்தால் சி.ஆர்.டி. என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் நீண்டகாலச் சளி நோயாக இருக்கலாம், மைக்கோபிளாஸ்மா கிருமியால் வருவது. முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, பக்கத்தில் போனாலே நாற்றம் அடித்தால் கொரைசா என்ற தொற்றுச் சளி நோய். இரண்டுக்கும் கண்ணில் விடும் சொட்டு மட்டும் போதாது, உடம்புக்குள் போகிற மருந்து தேவை, எதை, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மா வந்து தேறிய கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அந்தக் கோழியை அடைக்கு வைக்காதீர்கள், அடுத்தவருக்கு விற்கவும் செய்யாதீர்கள்.

கொண்டையிலும் இமையிலும் பருக்கள் வந்து கருத்துப் பொருக்குக் கட்டினால் அம்மை. இது வைரஸ், கொசு பரப்புகிறது, இதைக் கொல்ல ஆன்டிபயாடிக்கால் முடியாது. பொருக்கு இரண்டு முதல் நாலு வாரத்தில் தானே உதிரும். அதுவரை கண்ணைச் சுத்தமாக வைத்து, கண் மூடிப் போன கோழிக்கு இரையும் தண்ணீரும் ஊட்டினால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். அம்மையில் சாகும் கோழிகளில் பல, பார்வை மறைந்து தின்ன முடியாமல் பட்டினியில் சாகின்றன. வேப்பிலை மஞ்சள் அரைத்துக் கொண்டையில் பூசுவது நல்லதுதான், கண்ணுக்குள் மட்டும் போகக் கூடாது. வாயைத் திறந்து பாருங்கள், உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் அம்மை உள்ளே இறங்கியிருக்கிறது, மூச்சு அடைக்கும், டாக்டரிடம் போக வேண்டும்.

இமை ஓரத்தில் மிளகை ஒட்டி வைத்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்து, தேய்த்தால் வரவில்லை என்றால் தெள்ளுப்பூச்சி. தோலில் தலையைப் புதைத்து அங்கேயே கிடக்கும். பூச்சி மருந்தைக் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாசலின் கனமாகத் தடவினால் மூச்சுத் திணறிச் சாகும், மறுநாள் இடுக்கியால் எடுக்கலாம். அதன் குஞ்சுகள் மண்ணிலும் கூளத்திலும்தான் வளரும் என்பதால் கூண்டுத் தரையைச் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடி இதே கதை. மூன்றாவது இமைக்கு அடியில் வெள்ளையாக நூல் போல, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக நெளிந்தால் கண்புழு. கரப்பான்பூச்சி தின்ற கோழிக்கு வரும். எடுப்பது டாக்டர் பொறுப்பு.

நோயே இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, கோழி கண்ணை இறுக்கி மூடி நின்றால் கூண்டைச் சந்தேகப்படுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நமக்கே கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது, அது அதிகமாக இருப்பது தரையோரத்தில். கூளத்தை மாற்றி, உமியோ கடலைத்தோலோ காய்ந்ததாகப் போட்டு, மேலே காற்றுப் போக வழி விட்டால் மருந்தே இல்லாமல் பாதிச் சரியாகும். குருணையும் பழைய சோறும் மட்டுமே போட்டு அடைத்து வளர்க்கும் கோழிக்கு விட்டமின் ஏ குறைந்தும் இப்படி வரும், இமைக்கடியில் வெள்ளைக் கட்டி சேரும். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் தினமும் போடுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு, கண்ணும் வீங்கினால் அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்பதும் அதுதான். அந்த வைரஸ் மனிதனுக்கும் கண் சிவப்பைக் கொடுக்கும், கோழியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். தலை முழுக்க வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாக ஆரம்பித்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இப்போது மருந்து. வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்து, அட்டையில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் இதில் எது எழுதியிருந்தாலும் ஓரமாக வையுங்கள். இவை ஸ்டீராய்டு, புண் உள்ள கருவிழியைக் கரைத்துவிடும். சிவப்பைச் சட்டென்று குறைக்கும் என்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். டைக்ளோஃபெனாக் சொட்டும் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதற்காக 2006ல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது, கோழியின் சிறுநீரகத்துக்கும் ஆகாது. அப்புறம், பல வீட்டில் இருக்கும் குளோராம்பெனிகால் கண் மருந்துக் குப்பி. முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் உயிர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. செல்லக் கோழிதானே என்பீர்கள், அதன் முட்டையை யார் சாப்பிடுகிறார்கள்?

டாக்டர் பெரும்பாலும் டோப்ராமைசின் போல ஸ்டீராய்டு கலக்காத ஆன்டிபயாடிக் சொட்டு ஒன்றை எழுதித் தருவார். ஒரு சொட்டுக்கு மேல் கோழிக் கண்ணில் நிற்காது, மூன்று விட்டால் இரண்டு கன்னத்தில்தான் வழியும். பாட்டில் மூக்கு கண்ணில் படக் கூடாது. இரண்டு வகை மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விட்டு, களிம்பைக் கடைசியில், ஒரு அரிசி அளவு. களிம்பை இரவில் போடுவது நல்லது, பகலில் போட்டால் மண்ணைக் கிளறும்போது புழுதி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கண் தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்து நாட்களிலும் அதற்குப் பிறகும் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், பிரிட்ஜ் கதவில் திரும்பவும் சேமிப்பது எந்தக் காலத்திலும் உதவாது.

கைவைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் அத்தை தாய்ப்பால் விடச் சொன்னார், பக்கத்து வீட்டில் வெங்காயச் சாறு, டீக்கடையில் ஒருவர் வீக்கத்தில் சுண்ணாம்பு தடவச் சொன்னார். மற்றதாவது போகட்டும், சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். ஒரு துளி கண்ணுக்குள் இறங்கினால் கருவிழி வெந்துவிடும், அதற்கு மேல் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. டெட்டால், மண்ணெண்ணெய், புகையிலை நீர் எல்லாம் அதே வரிசைதான்.

மருந்து போட்ட கோழியைக் கூட்டத்தில் விடாதீர்கள். கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும், ரத்தச் சிவப்பைப் பார்த்தால் கூடப் பிறந்ததே வந்து கொத்தும். தனியாக ஒரு பஞ்சாரம், உள்ளே தடவிப் பார்த்து சிலாம்பு இல்லாததாக, பாதி துணி போட்டு வெளிச்சம் குறைத்து, மற்ற கோழிகள் கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். முழுக்கப் பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது புதுக்கோழி என்று அடித்து விரட்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் அலகை இரண்டு மூன்று தடவை முக்கிக் காட்டுங்கள். கம்மங்கூழ், பிசைந்த சோறு, வேகவைத்த முட்டை மஞ்சள் கரு, எது ஈரமாக, கண்ணில் படும்படி இருக்கிறதோ அதை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். கையால் தூக்கும்போது நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் கோழி சாப்பிடுவதில்லை என்று அர்த்தம், எத்தனை தடவை கொத்துகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

சாதாரணக் கீறல் இரண்டு மூன்று நாளில் நன்றாகத் தேறும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கண் திறக்கவில்லை, வெண்மை பெரிதாகிறது, வீக்கம் கெட்டியாகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். கோழிக்கெல்லாம் கூப்பிடலாமா என்று கூச்சப்படாதீர்கள். பிப்ரவரியில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் (மேலே சொன்ன வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள், அம்மை ஊசியைப் பற்றி அங்கேயே கேட்டுவிடலாம், அதை இறக்கை மடிப்பில் போடுவார்கள்.

கண் போய்விட்டால் அறுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம், ஒற்றைக் கண்ணோடு கோழி வருஷக் கணக்கில் வாழும். முதல் ஒரு மாதம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், இரையைத் தவறவிடும், குருட்டுப் பக்கத்தில் வரும் சேவலிடம் அடி வாங்கும். பரணை தாழ்வாக வைத்துக் கொடுங்கள், இரவில் அடைந்த பிறகு கூட்டத்தில் சேருங்கள், தீனித் தட்டை இடம் மாற்றாதீர்கள்.

எங்கள் செவலைக்கு இடது கண்ணில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. முட்டை இடுகிறது, அடைக்கும் உட்கார்ந்து எழுந்துவிட்டது. இடது பக்கமாகச் சத்தமில்லாமல் போனால் மட்டும் அரை அடி எகிறிக் குதித்துக் கத்தும், அதனால் வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம் போகும்போது "ப்பா, ப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறோம்.